கழற்றிய கதவு

கதவைக் கழற்றுவதில் அப்துல் சமத்தை மிஞ்ச ஆம்பூரில் ஆள் கிடையாது. வாடகை தவறினால் கடப்பாரையோடு வந்து நிற்பார். சண்டையில்லை, வசவில்லை. கதவு சுழலும் குடுமியில் ஒரு நெம்பு; கதவு அவர் தோளில். கதவில்லாத வீட்டில் யார் எத்தனை நாள் இருப்பார்கள்?

அந்தக் கதவுகளைச் செய்ததும் அவர்தான், சுவர்களை எழுப்பியதும் அவர்தான். பகலெல்லாம் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் நின்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் மண் குழைப்பார். மனைவி சுகரா பேகம் பாலாற்று மணலைத் தலையில் சுமப்பாள். இருபது வருஷத்தில் ஒரே வரிசையாக ஏழு வீடுகள். முதல் வீட்டில் குடும்பம், மற்றவை வாடகைக்கு. சுண்ணாம்பு தின்ற விரலில் ரேகையே மிஞ்சவில்லை. கைநாட்டு வைத்தால் வெறும் மைப்பொட்டுதான் விழும்.

மகன் நிசாருக்குப் பேரணாம்பட்டுத் தோல் தரகர் வீட்டில் பெண் எடுத்தார். குழியில் நிற்கிறவன் சம்பந்தமா என்று அந்தப் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. நிக்காஹ் பந்தலில், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மஹர் என்னவென்று காஜி கேட்டதும் சமத் எழுந்தார். "என் ஏழு வீடும் மருமகளுக்கு மஹர்."

காஜி அதை அப்படியே ஏட்டில் எழுதினார்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் சுகரா, வீடு திரும்பியதும்.

"எந்தப் பொம்பள மஹரைக் கேட்டு வாங்கியிருக்கா? புருஷன் செத்தா மய்யித்துக்குப் பக்கத்துல நின்னு, வேணாம்னு மாஃப் பண்ணிடுவாங்க. எல்லாம் ஒரு கௌரவத்துக்குத்தான்."

மறு வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. கடைசி வீட்டுச் சௌந்தரம், ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிப்பவள், வாடகை தரவில்லை.

"வூட்டுக்காரருக்குக் காச்சல், சாயபு. காத்து பட்டா ஆவாது. ஒரு வாரம் பொறுங்க."

சமத் கடப்பாரையைக் குடுமியில் கொடுத்தார். முதல் வீட்டு வாசலிலிருந்து மருமகள் அஃப்ஸர் ஜஹான் குரல் கொடுத்தாள். "மாமு, இந்த ஒரு தடவை விட்டுடுங்களேன்."

"ஒரு கதவை விட்டா ஏழும் போயிடும், பேட்டி."

சௌந்தரத்தின் புருஷன் அந்த வாரமே செத்தான். அவள் பாத்திரம் பண்டத்தோடு சோளிங்கர்ப் பக்கம் போய்விட்டாள். காய்ச்சல் மட்டும் போகவில்லை. நிசாரையும் கொண்டுபோயிற்று.

நிசாரின் ஜனாஸா கபர்ஸ்தானுக்குப் புறப்படும் நேரம். பெண்களை மறைத்த திரைக்கு இந்தப்புறம் சமத் நின்றார். அந்தப்புறம் சுகராவின் உடைந்த குரல். "எல்லாரும் சொல்றதுதாம்மா. மஹர் மாஃப்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

பெண்களின் அழுகை நின்றது. அஃப்ஸர் ஜஹானின் குரல் தெளிவாக வந்தது.

"மாஃப் இல்ல, மாமி."

"கடனோட போனா கபர்ல அவனுக்கு அது பாரம்மா."

"வீட்டைக் குடுத்துட்டா பாரம் தீந்துச்சு. ஒரு கதவை விட்டா ஏழும் போயிடும்னு மாமுதான் சொன்னாரு."

சமத் மய்யித்தை வைத்த சந்தூக்கின் முன்கால் பக்கம் போய்த் தோள் கொடுத்தார். கதவு தூக்கிப் பழகிய தோள்.

கைம்பெண் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து, ஏழு வீடும் கைக்கு வந்ததும் அஃப்ஸர் ஜஹான் அவரை அழைத்தாள். அவளுடைய அண்ணன் பக்கத்தில் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தான். மூட்டை கட்டச் சொல்லப் போகிறாள் என்றுதான் சமத் நினைத்தார்.

"நீங்க எங்கியும் போவ வேணாம், மாமு. கடைசி வீட்டுல இருங்க. வாடகை வேணாம். வசூல் மட்டும் பண்ணிக் குடுங்க. உங்களை மாதிரி யார் பண்ணுவா?"

"அந்த வீட்டுக்குக் கதவு இல்லியேம்மா."

"கொல்லையில சாத்தி வெச்சிருக்கு. மொத மாச வசூல் முழுசா வரட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்."

"அன்னிக்கு விட்டுடுங்கன்னு சொன்னவ நீதானே?"

"அன்னிக்கு என் வீடு இல்லியே, மாமு."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போனார் சமத். ஷாப்பில் தோல் உலர்த்தும் முனிரத்தினம் வாசலில் நின்று சிரித்தான். "இன்னா சாயபு, உனுக்கே வூட்ல கதவு இல்லியாமே?"

"வாடகையை எடுடா."

"அடுத்த வாரம் தர்றேன்."

சமத் வரிசையின் கோடியைப் பார்த்தார். சுகரா தன் பழைய புடவையொன்றைக் கடைசி வீட்டு வாசல் நிலையில் கட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் அது பறந்துகொண்டே இருந்தது. அவர் திரும்பி, கடப்பாரையைக் குடுமியில் கொடுத்தார்.