எங்க வீட்ல யாரும் இல்ல

பிடோக் சமூக மன்றத்தின் மாடியறை நிறைந்திருந்தது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்கள் அதற்கான மருந்தை வீட்டுக்கே கொண்டுபோக வழிசெய்யும் மசோதாவைப் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம். இப்போதைக்குத் தினமும் மருந்தகத்துக்குப் போய்த் தாதியின் கண்முன்னே விழுங்கவேண்டும்.

அஃப்னாவின் அண்ணன் இம்ரானும் அப்படித்தான் விழுங்குகிறான். மருந்தகம் திறப்பதே காலை எட்டரைக்கு. அதனால் போன ரமலானில் ஒரு நோன்புகூடப் பிடிக்க முடியவில்லை. உம்மாவிடம் "காக்காவுக்கு கேஸ்ட்ரிக், வயிறு எரியுது" என்று சொல்லிச் சமாளித்தவள் அஃப்னா. மாத்திரை வீட்டில் இருந்தால், விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். அதைச் சொல்வதற்காக இம்ரான் ஒரு தாளில் எழுதி எடுத்துவந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அஃப்னா மருந்தியல் படித்தவள் என்பதால், கூட்டத்தை நடத்திய யாமினி அவளைத் தமிழில் விளக்கச் சொன்னார். அவள் தரையைப் பார்த்தபடியே விளக்கி முடித்தாள்.

அவர்கள் குடியிருக்கும் அதே அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் நூருன்னிசா மாமி கை தூக்கினார். "ஒரு மாத்திரைய விடுறதுக்கு இன்னொரு மாத்திரையா? மனசு வச்சா போதாதா?"

"போதாது மாமி. சக்கரைக்கு ஊசி போடுற மாதிரிதான்."

"இவ்ளோ விவரமா சொல்றியே, உங்க வீட்ல யாராச்சும் சாப்பிடுறாங்களா என்ன?"

முன்வரிசையில் சிரித்தார்கள். மாமியும் விளையாட்டாகத்தான் கேட்டார்.

"ஐயோ, இல்ல மாமி! எங்க வீட்ல யாரும் அப்படியெல்லாம் இல்ல."

மைக் அந்த 'அப்படியெல்லாம்' என்பதை அறை முழுக்கக் கொண்டுபோனது.

"இந்த மருந்து சாப்பிடுற யாராவது பேசுறீங்களா?" என்று யாமினி கேட்டார். "நீங்க சொல்றதுதான் மேல போகும்."

இம்ரான் தாளைப் பிரித்துக்கொண்டு பாதி எழுந்திருந்தான். இனி அவன் வாய் திறந்தால், தங்கை எல்லார் முன்னாலும் பொய்க்காரி. அவன் அஃப்னாவைப் பார்த்தான். ஒரு தலையசைப்புப் போதும். அவள் மைக் வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

அவன் உட்கார்ந்துவிட்டான். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, யாமினி கூட்டத்தை முடித்தார்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கையில், "நல்லா பேசினே லா," என்றான். குரலில் கிண்டல் இல்லை.

"காக்கா, நான்..."

"விடு. அத்தன பேர் முன்னாடி கேட்டா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

அவனையும் அத்தனை பேர் முன்னால்தான் கேட்டார்கள். அவன் வேறு பதில் சொல்ல எழுந்தான். அஃப்னா அவனுக்கு இரண்டடி பின்னாலேயே நடந்தாள்.