இஸ்திரிப் பலகை மேல் அக்கா

பேச்சினால் இந்த உலகத்தில் எதுவும், எவரும், ஒருபோதும் திசை மாறியதில்லை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் மேடை ஏறிக்கொண்டிருப்பவன் நான். எங்கள் வீட்டு ஷோகேஸில் இருந்த பொம்மைகளை எல்லாம் காலி செய்துவிட்டு என் கோப்பைகளைத்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். புகைப்பழக்கத்தை எதிர்த்து நான் பேசி முதல் பரிசு வாங்கிய அன்று, பரிசு கொடுத்த நடுவர் மேடைக்குப் பின்னால் வந்து என்னிடமே தீப்பெட்டி கேட்டார். நன்றாகப் பேசினால் கைதட்டுவார்கள். தட்டி முடித்துவிட்டு வந்த வழியே போவார்கள். ஆகவே, அக்காவின் வயிற்றுக்குள் தலையை மேலே வைத்து உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் பேசி அதைத் தலைகீழாகத் திருப்பலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அந்த அறையில் இதைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதி உள்ள ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அது பிரசவத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் வகுப்பு. தரையில் பாய்கள், மூலையில் பெரிய ரப்பர் பந்துகள், சுவரில் சாய்ந்தபடி மூச்சை எண்ணி இழுத்து எண்ணி விடும் பெண்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் பின்னால் முதுகைத் தாங்கிக்கொண்டு ஒரு கணவன். அக்காவுக்குப் பின்னால் நான். பயிற்சி கொடுக்கும் பிசியோ மேடம் என்னைப் பார்த்து, "அப்பாவா?" என்று கேட்டார். "தம்பி" என்றாள் அக்கா. "அப்பா?" "வேலை." அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன வேகத்தைப் பார்த்தால், அதற்கும் தனியாகப் பயிற்சி எடுத்திருப்பாள் போலிருந்தது.

பிசியோ மேடம் ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பையும் துணிப் பொம்மையையும் வைத்து விளக்கினார். "தலைதாம்மா குழந்தைக்கு வெயிட்டு. இடுப்பைத் தூக்கி வெச்சீங்கன்னா அது கொஞ்சம் நழுவும், திரும்ப இடம் கிடைக்கும். வீட்ல இஸ்திரி பண்ற பலகை இருக்கா? சோபாவுல சாய்ச்சு வெச்சு, தலை கீழ, கால் மேல படுங்க. மேல் வயித்துல ஐஸ் பை. தலை அங்கதான் இருக்கு, குளிர்ந்தா நகரப் பார்க்கும். அடிவயித்துக்கிட்ட யாராச்சும் பேசுங்க. பழகின குரலா இருந்தா நல்லது. கண்டிப்பா திரும்பும்னு நான் சொல்லல. ஆனா கெடுதல் ஒண்ணும் இல்ல." பிறகு டாக்டரம்மாவும் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை வரை பார்க்கலாம், அப்போதும் இப்படியே இருந்தால் வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்ப்பேன், அதற்கும் மசியவில்லை என்றால் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆபரேஷன் என்ற இடத்தில் மட்டும் ஆட்டவில்லை.

"ஒரு பக்கம் குளிர வெச்சு விரட்டறது, இன்னொரு பக்கம் பேசி இழுக்கறது" என்றேன், பஸ்ஸில் வரும்போது. "இதுக்குப் பேரு பிரசவம் இல்லக்கா. கட்சித் தாவல்."

"சிரிக்க வைக்காதடா. ஒண்ணுக்கு வந்துடும்" என்று முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். வட்டமாக வரும் லென்ஸைப் பிரேமின் வடிவத்துக்கு மிஷினில் கொடுத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். மயிரிழை கூடினால் உட்காராது. மயிரிழை குறைந்தால் ஆடும், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான், திரும்ப வளர்க்க முடியாது. அந்த வேலையின் புத்திதான் அவளுக்கு வீட்டிலும். கால்கள் வீங்கி அவளுடைய செருப்பு எதுவும் நுழையாமல் அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு கடையிலிருந்து வருவாள். வந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குந்தி எழுவாள். பிறகு பந்தின் மேல் உட்கார்ந்து இடுப்பைச் சுழற்றுவாள். மாடிப்படியில் பக்கவாட்டில் ஏறி இறங்குவாள், நண்டு மாதிரி. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அவள் முகத்தைப் பார்த்தால் இருக்காது. மருந்துக்கடையில் கல்லாவில் உட்காரும் எங்கள் அம்மா, உலகத்து மாத்திரைகளின் பெயரையெல்லாம் அறிந்தவள், ஒன்றையும் நம்பாதவள், பலகையைச் சோபாவில் சாய்த்ததைப் பார்த்து, "எவ்வளவோ சீட்டு பார்த்திருக்கேன், இஸ்திரிப் பலகையை எழுதிக் கொடுத்த டாக்டரை இப்பதான் பார்க்கறேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பலகை உறுத்தாமல் இருக்க இரண்டு போர்வையை மடித்து அதன் மேல் விரித்தாள்.

ஐஸ் பையை அனுப்பியது அத்தான். அவர் பிரிட்ஜ் மெக்கானிக். இந்தக் கர்ப்பத்துக்கு அவருடைய தொழில் வழியாகக் கிடைத்த ஒரே உதவி அது. குரல்தான் கிடைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது என்றார். அக்கா கெஞ்சி, கடைசியில் போனில் பதிந்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினார். அக்கா பலகையில் தலைகீழாகப் படுத்து, போனை அடிவயிற்றில் கவிழ்த்து வைத்துப் போட்டாள். "ஹலோ… ஹலோ… ம்… கேக்குதா? …சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான். பின்னணியில் ஒரு கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள். பிறக்காத பிள்ளையிடம் கேட்கிறதா என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் லைனைத் துண்டித்த முதல் தகப்பன் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"நீ பேசேன்டா. மேடை மேடையா பேசறியே."

"தலைப்பு கொடு. எதிரணி யாரு? நடுவர் யாரு? மணி அடிப்பாங்களா?"

"போடா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் பலகை சரியாமல் காலால் அணைகொடுத்துக்கொண்டு படிக்கிற மாதிரி இருந்தேன். பேசித் திருப்பும் வேலையின் அபத்தத்தை நான் கல்லூரி கேன்டீனில் நடித்தே காட்டியிருக்கிறேன். மேஜையைத் தட்டி, "உள்ளே இருக்கும் அன்பருக்கு ஒரு அறிவிப்பு" என்று தொடங்குவேன். நல்ல வரவேற்பு.

இப்படி உடம்பைப் பழக்குவதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. இது இரண்டாவது பிரசவம். முதலில் ஒரு பெண் குழந்தை. பிறந்தது, அழவில்லை, அன்று சாயங்காலமே போய்விட்டது. தொப்புள்கொடி கழுத்தில் மாட்டி இறுகிவிட்டது, யார் கையிலும் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அத்தான் வீட்டுக்குள் அந்தச் சொல் நுழையவே இல்லை. அவர்கள் வாசலில் வேறு ஒரு சொல் ஏற்கனவே வந்து உட்கார்ந்துவிட்டது: முக்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அவருடைய அம்மாவும் பார்க்க வந்தார்கள். அத்தை மோசமானவர் அல்ல. அக்காவின் வீங்கிய பாதத்தைப் பார்த்துவிட்டுத் தானே முக்காலியை இழுத்துப் போட்டவர் அவர்தான். டீ குடித்துக்கொண்டே பலகையைப் பார்த்தார். "இதென்ன, துணி தேய்க்கவா?" அக்கா விளக்கினாள். அத்தை கேட்டு முடித்துவிட்டு, நேற்று பெய்த மழையைப் பற்றிச் சொல்கிற குரலில், "எல்லாம் நல்லதுதான். அப்பவே கொஞ்சம் தம் கட்டி முக்கியிருந்தா, அது இந்நேரம் இந்த வீட்டுல ஓடிட்டு இருக்கும்" என்றார்.

அத்தான் எழுந்து போய் எங்கள் பிரிட்ஜின் பின்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பிரிட்ஜ் நன்றாகத்தான் இருந்தது.

நான் பேசினேன். நான் பேசியதிலேயே அதுதான் சிறந்த பேச்சு. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கொடி இறுகினால் முக்குவதற்கும் பிழைப்பதற்கும் சம்பந்தமில்லை என்று, லாரிக்கு அடியில் சிக்கியவனைப் பார்த்து நன்றாக மூச்சு விட்டிருக்கலாமே என்று சொல்வோமா என்று கேட்டேன். குரலை எங்கே ஏற்ற வேண்டுமோ அங்கே ஏற்றி, எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்கி, "பெத்தவளைத் தவிர அந்தக் குழந்தைக்காக அழுதவங்க யாரு அத்தை?" என்று முடித்தேன். அத்தை டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நல்லா பேசறான்" என்றார் அம்மாவிடம், நிஜமான பாராட்டுடன். "வக்கீலுக்குப் படிக்க வைங்க." அப்புறம் அக்காவின் முழங்காலைத் தடவி, "இந்தத் தடவை பயப்படாம முக்கணும், என்ன?" என்றார். பிரிட்ஜின் பின்னாலிருந்து அத்தான் சிரித்தார். அம்மா, பாவம், பிஸ்கட் தட்டை எடுத்து நீட்டினாள்.

"சரிங்கத்தை" என்றாள் அக்கா.

அவர்கள் போன பிறகு அவள் கதவு நிலையைப் பிடித்துக் குந்த ஆரம்பித்தாள். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், பாதி வழியில் விழுந்தால் பிடிக்க. அவள் கீழே போனவள் எழவில்லை. அங்கேயே உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, "நல்லாதான்டா பேசின" என்றாள். "ஆனா எனக்கே தெரியல."

"என்ன தெரியல?"

"அன்னிக்கு நடுவுல நான் விட்டுட்டேன். நர்ஸு முக்கு முக்குன்னு கத்தறாங்க, என்னால முடியலைன்னு சும்மா படுத்துட்டேன். கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்துலதானோ என்னமோ."

"டாக்டர்தான் சொன்னாங்களேக்கா."

"டாக்டர் சொன்னாங்க." அவள் நிலையைப் பிடித்திருந்த விரல்களை மாற்றிப் பிடித்தாள். "இதை நானே பெத்துக் காட்டிட்டேன்னா, அது என் தப்பு இல்லைன்னு ஆயிடும்ல? வயித்தைக் கிழிச்சு எடுத்தாங்கன்னா கடைசி வரைக்கும் அதேதான்டா. இவளுக்கு ரெண்டுக்கும் துப்பில்லைம்பாங்க."

நான் எதிரணியில் நின்று யோசித்துப் பழகியவன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அடுத்த பக்கத்து வாதம் கூப்பிடாமலே வந்து நிற்கும். அப்போதும் வந்து நின்றது. குழந்தை திரும்பி, அவள் முக்கி, அது அழகாக அழுதுகொண்டு வெளியே வந்தாலும், அத்தை அதைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்தது. 'பார்த்தியா, முக்க வருது. அப்பவே முக்கியிருந்தா?' கிழித்தாலும் குற்றம், பெற்றாலும் குற்றம். இதில் அவள் ஜெயிக்க இடமே இல்லை. மிகக் கச்சிதமான வாதம். இதை நான் வேறு எங்காவது சொல்லியிருந்தால் கோப்பை கொடுத்திருப்பார்கள்.

"ஆயிடும்க்கா" என்றேன்.

அவள் நிலையைப் பற்றி எழுந்தாள். இன்னொரு முறை குந்தினாள்.

புதன்கிழமை சாயங்காலம் வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. அம்மா கடையில். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தை இன்னும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது. விலா எலும்புக்குக் கீழே தேங்காய் மாதிரி அதன் தலையைத் தொட்டுப் பார்க்க முடிந்தது. அக்கா பலகையில் ஏறிப் படுத்தாள். தலைகீழாகப் படுத்ததில் முகம் ரத்தம் ஏறிச் சிவந்தது. ஐஸ் பையை மேல் வயிற்றில் வைத்தேன். சிலிர்த்துக்கொண்டாள். அத்தானின் குரலைப் போட்டோம். ஹலோ, ஹலோ, கேக்குதா, வெச்சிடறேன். அக்கா இரண்டாம் முறை போடப் போனவள், போடாமல் போனை என்னிடம் நீட்டினாள்.

"போதும். சார்ஜ் இல்ல" என்றாள். இருந்தது. பாதிக்கு மேல் இருந்தது.

ஈரத்துணியை மடித்துக் கண் மேல் போட்டுக்கொண்டாள். "நீ பேச வேணாம். பலகையைப் பிடிச்சுக்கோ போதும்." கேலி இல்லாத குரல். கோபம்கூட இல்லை. கடையில் பிரேமில் உட்காராத லென்ஸைக் கூடையில் போடும்போது அவள் முகம் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. துணிக்குக் கீழே அவள் வாய் எண்ணிக்கொண்டிருந்தது. இழு, நிறுத்து, விடு. வயிறு ஏறி இறங்கியது. ஒரு பக்கத்தில் ஏதோ முட்டி, நின்று, உள்ளே போனது.

நான் சோபாவில் கிடந்த செய்தித்தாளை எடுத்துச் சுருட்டினேன். அக்கா தம்பிக்கு இடையே என்னதான் இருந்தாலும் அடிவயிற்றருகே குனிந்து பேசுவதற்கு ஒரு கௌரவமான தூரம் வேண்டும். தரையில் மண்டியிட்டேன். தலைகீழாகப் படுத்திருப்பதால் அடிவயிறு இப்போது மேலே இருந்தது. எக்கித்தான் வைக்க முடிந்தது. குழலின் ஒரு முனையை அவள் நைட்டியின் மேல் மெதுவாக வைத்து, இன்னொரு முனையில் வாயை வைத்தேன். தொண்டையைச் செருமினேன். மேடையில் ஒருநாளும் செருமியதில்லை.

"நான்தான்" என்றேன். "மாமா பேசறேன்."

அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. பேச ஆரம்பித்து இப்படித் தடுமாறுவது இதுதான் முதல் தடவை. "இங்க வெயில் அடிக்குது. எதிர் வீட்டுல ஒருத்தர் ஸ்கூட்டரை உதைச்சுட்டே இருக்காரு, ஸ்டார்ட் ஆகல. உங்கம்மா கண்ணை மூடிட்டு இருக்கா. காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி ஆயிடுச்சு. அதெல்லாம் உன் தப்பு இல்ல." குரல் இன்னும் இறங்கியது, இறக்க வேண்டிய இடம் என்று நான் இறக்கவில்லை. "நீ திரும்பினாலும் சரி, திரும்பலைன்னாலும் சரி. உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ வந்தா மட்டும் போதும். வந்து கத்தணும். நல்லா சத்தமா. தெருவே கேக்கற மாதிரி."

அக்கா எண்ணுவது நின்றிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கண்ணின் மேலிருந்த துணியை எடுக்கவில்லை. கையை மட்டும் தடவித் தடவிக் கொண்டுவந்து, செய்தித்தாள் குழலின் முனையை இரண்டு விரலால் பிடித்து, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்து, அது நகராமல் அங்கேயே பிடித்துக்கொண்டாள்.