கத்திரி வெட்டிய ‘ம்’

அன்புள்ள நாத்தனாருக்கு,

யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ வர முடியாத குறை அதில் பாதி தீரும். டப்பிங் ஸ்டுடியோவில் பொத்தான்கள் நிறைந்த மேசைக்கு முன்னால் ஒலிப்பதிவாளர். எல்லோரும் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேசியதில் வேண்டாததை வெட்டி எறிவது அவர் வேலை. அவருக்கு வலப்புறம் சுழல் நாற்காலியில் ஸ்டுடியோ முதலாளியம்மா. தொடருக்கு நம் பாஷையில் வசனம் எழுதுவதும் அவர்தான். பின்னால் சோபாவில் நானும் என் பெண்ணும், அதாவது உன் மருமகளும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உன் அண்ணன் நின்று பேசும் அறையில், யாரும் இல்லை. மைக்கை யாரோ குட்டையானவருக்காக இறக்கி வைத்திருந்தார்கள்.

நீ ஃபோனில் கேட்டது ஒரே கேள்வி. “மெஷின் பேசுறது அண்ணன்தானா அண்ணி? கேட்டுட்டு உள்ளதச் சொல்லுங்க.” ஃபோனில் பேசினால் நாம் இருவரும் அழுதுவிட்டு விஷயத்தை விட்டுவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

தொடர் உனக்குத் தெரிந்ததுதான். அண்ணன் இத்தனை வருஷம் குரல் கொடுத்த விண்கலத் தலைவனின் கதை. புதிய பாகத்தில் அவன் கலத்துக்கு வெளியே போய்ச் செத்துவிடுகிறான். சில நாள் கழித்துக் கதவு தட்டப்படுகிறது. அதே குரல், அதே ஞாபகங்கள், மனைவியை அவன் மட்டும் கூப்பிடும் செல்லப்பெயர்கூட அதேதான். நிற்பது அவன்தானா, இல்லை அவனைத் தின்றுவிட்டு வந்த வேறு ஏதாவதா? உள்ளே இருப்பவள் கதவைத் திறக்கலாமா? பாகம் முழுக்க இதே தவிப்பு. கதவுக்கு வெளியே நின்று பேச வேண்டிய சமயத்தில் உன் அண்ணன் போய்விட்டார். அவருடைய பழைய பதிவுகளையெல்லாம் மெஷினுக்கு ஊட்டி, அந்தக் குரலிலேயே மிச்சத்தைப் பேச வைத்திருக்கிறார்கள். நான் சரி என்றால்தான் ஒளிபரப்புவார்கள்.

“கதைக்கு இதவிடப் பொருத்தம் கிடையாது,” என்றார் முதலாளியம்மா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க.”

“அப்பா இருந்திருந்தா இந்த ஜோக்க அவரே அடிச்சிருப்பாரு,” என்றாள் உன் மருமகள்.

கத்திரி ஓடவிட்டார். திரையில் இரும்புக் கதவு, அதன் வட்டக் கண்ணாடிக்கு வெளியே இருட்டு.

“கதவைத் திற. நான்தான்.”

உன் அண்ணன் குரலேதான். அந்த அடித்தொண்டை, சொல்லின் முடிவில் லேசாகக் கீழே இறங்குவது, ஒன்றும் தப்பவில்லை. ஆனாலும் எனக்குப் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்கிற மாதிரி இருந்தது. திரும்பப் போடச் சொன்னேன். அப்போதும் அப்படித்தான்.

“என்னமோ குறையுதுங்க,” என்றேன்.

“என்ன குறையுது? பழசையும் இதையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்துட்டேன். மயிரிழை வித்தியாசம் இல்ல,” என்றார் கத்திரி. பாவம், முகம் சுருங்கிவிட்டது.

முதலாளியம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “இந்தக் குரல உங்க ஃபோன்லயும் போட்டுத் தரோம். நீங்க பேசினா பதில் சொல்லும். சாப்டியான்னு கேக்கும்.”

எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? வேலை முடிந்து வந்து வீட்டைத் திறக்கிறேன். விளக்கைப் போடுவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தால் போதும், பொய்யாக இருந்தாலும் போகட்டும் என்று எத்தனையோ நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருக்கிறேன். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“அம்மா,” என்றாள் உன் மருமகள். “ம் எங்கம்மா?”

அப்போதுதான் எனக்கும் பிடிபட்டது. ‘ம்’ சொல்லாமல் உன் அண்ணன் எந்தப் பேச்சைத் தொடங்கியிருக்கிறார்? டீ கேட்பதற்கும் ‘ம்’, சண்டைக்கும் ‘ம்’. சின்ன வயதில் உன்னைத் திட்டுவதற்கு முன்பும் ஒரு ‘ம்’ வரும், அதற்குள் ஓடிவிடுவேன் என்று நீதானே சொல்வாய்.

கத்திரி தலையைச் சொறிந்தார். “அதையா கேக்குறீங்க? அந்த ம் இல்லாம அவருக்குப் பேச்சே வராதுங்க. விண்கலத் தலைவன் ம்முனு ஆரம்பிப்பானா? ஒண்ணு விடாம வெட்டிட்டேன். நான் திட்டுவேன், அவரு சிரிப்பாரு.”

வெட்டிச் சுத்தம் செய்ததைத்தான் மெஷினுக்கு ஊட்டியிருக்கிறார்கள். அதற்கு அந்த ‘ம்’ எப்படித் தெரியும்?

“கடைசியா வந்து பேசினது மட்டும் நான் இன்னும் கை வெக்காம கெடக்கு,” என்று தேடி எடுத்தார். அதிலிருந்து ஒரு ‘ம்’மை நறுக்கி, மெஷின் பேசியதற்கு முன்னால் ஒட்டி ஓடவிட்டார்.

“ம்…”

“சொல்லுங்க,” என்றேன்.

நான்தான் சொன்னேன். அடுப்படியிலிருந்து சொல்வேனே, அதே மாதிரி. அதற்குள் அந்தக் குரல் சொன்னது: “கதவைத் திற. நான்தான்.”

எந்தப் பேய்ப் படத்துக்கும் நான் பயந்தவள் இல்லை, உனக்கே தெரியும். அன்றைக்குப் பயந்தேன். சோபாவில் உட்கார்ந்தபடியே என் கை இல்லாத தாழ்ப்பாளைத் திறக்க நீண்டுவிட்டதே.

“இப்ப சரியா இருக்குல்ல?” என்றார் கத்திரி மெதுவாக. “எல்லா வசனத்துக்கும் முன்னாடி ஒட்டிடவா?”

“வேணாங்க. குரல நீங்க வெச்சுக்கோங்க. வெளிய நிக்கிறது அதுலயே பேசட்டும், அவருக்கும் அந்த வேஷம் பிடிச்சிருக்கும். ம்ம மட்டும் எதுலயும் ஒட்டாதீங்க.”

“ஃபோனுக்கு?” என்றார் முதலாளியம்மா.

“ஃபோனே வேணாம்.” எழுந்த பிறகு ஒன்று கேட்டேன். “கடைசியில அவ கதவத் திறக்குறாளா?”

“அத நான் சொல்லிட்டா நீங்க தொடர் பாக்க மாட்டீங்களே.”

உன் கேள்விக்கு வருகிறேன். மெஷினில் இருப்பது உன் அண்ணன் வேலைக்குக் கொடுத்த குரல். வீட்டுக்குக் கொண்டுவந்த குரல் வெட்டியதோடு போயிற்று, அந்தக் கடைசிப் பதிவில் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தவிர. அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வசனத்தையெல்லாம் அதிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். கொஞ்சம் ‘ம்’, ஒரு இருமல், “தண்ணி குடுப்பா”. அவ்வளவுதான்.

கத்திரி இரண்டு மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தார். எது அசல், எது நகல் என்று கேட்டேன். “கம்ப்யூட்டருக்கு அப்படியெல்லாம் தெரியாதுங்க,” என்றார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். கையில் வந்தது உனக்கு. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேள். இல்லாவிட்டால் “என்னண்ணா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, நீயும் என்னைப்போல நாலு பேர் நடுவில் முழிப்பாய்.

கார்டை அட்டையில் வைத்து டேப் ஒட்டியிருக்கிறேன். உன் மருமகள் தபாலில் சேர்க்கச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். உறையின் மேல் ‘மடிக்க வேண்டாம்’ என்று இரண்டு பக்கமும் எழுதியாயிற்று. இதோ, ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணி