பெரிய வெள்ளியன்று அடிக்காத ஆணி

தாத்தாவின் அடக்கப் பூசையில் நாலு வார்த்தை பேசும் பொறுப்பை அத்தை பேத்தியின் தலையில் கட்டிவிட்டாள்.

“மரவேலை, செபமாலை, இதுதான் எங்கப்பா. பெரிய வெள்ளிக்கிழமைன்னா சுத்தியலைத் தொட மாட்டார், ஆண்டவர் கையில ஆணி அடிச்ச நாளாச்சேன்னு. அதை மறக்காம சொல்லுடி.”

கோயிலுக்குள் வராமல் வெளியே நின்ற பேத்தியின் அப்பா சிரித்தார். “சொல்லட்டும். இவ அம்மா செத்த கதையையும் சேர்த்துச் சொல்லட்டும்.”

அத்தையின் முகம் சுண்டிப்போனது. “பிணத்தை உள்ள வச்சுக்கிட்டு ஏண்ணே பழசைக் கிளறுற?” என்று விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

தான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா மாடிப்படியில் தவறி விழுந்து இறந்தாள் என்பதற்கு மேல் பேத்திக்கு எதுவும் தெரியாது.

“என்னப்பா கதை?”

“படியோட கைப்பிடி ஆடிச்சு. ‘ரெண்டு ஆணி அடிச்சுடுங்க மாமா’ன்னு கேட்டா. ‘இன்னிக்கு வேண்டாம்மா, விடிஞ்சதும் அடிக்கிறேன்’னாரு. சாயங்காலமே விழுந்துட்டா.”

“அப்புறம்?”

“சொன்ன சொல் தவறாத மனுஷன். விடிஞ்சதும் அடிச்சாரு. உங்கம்மா கூடத்துல கிடக்குறா, படியில டக்கு டக்குன்னு சத்தம்.”

“நீங்க அடிச்சிருக்கலாமேப்பா?”

“நானும் அவர் வளர்த்த பிள்ளைதானேம்மா. அன்னிக்கு நானும் சுத்தியலைத் தொடல.”

உள்ளே அவளைக் கூப்பிட்டார்கள். பெட்டியின் அருகே போய் நின்றாள். அத்தை கண்ணாலேயே கெஞ்சினாள்.

“முதல்ல எங்கம்மாவைப் பத்திச் சொல்லணும்” என்று பேத்தி ஆரம்பித்தாள்.