மூன்று நாள் கெடு

பக்கத்து வீட்டு அய்யாசாமியை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டுக்குள் சாகக்கூடாது என்று வீட்டுக்காரர் பக்தவத்சலம் முடிவு செய்துவிட்டார். அம்பத்தூரில் அவருக்குச் சொந்தமான ஆறு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. வார்ப்படப் பட்டறையில் பதினெட்டு வருடம் மண் சலித்ததில் பெரியப்பாவுக்கு நுரையீரல் போயிருந்தது.

"பொணம் உழுந்து, நாளும் சரியில்லன்னா ஆறு மாசம் அடைப்பு," என்றார் வீட்டுக்காரர் அம்மாவிடம். "ஊட்ட பூட்டிப் போடணும். அப்பால எவன் குடி வருவான்? உன் பொண்ணு எட்டாவது வரிக்கும் படிச்சாளே, இங்கிலீசுல ஒரு நோட்டீசு எழுதிக் குடுக்கட்டும். தமிழ்ல குடுத்தா அழுவுங்க. இங்கிலீசுன்னா பயப்படுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நாங்களும் அவர் வீட்டில் குடியிருப்பவர்கள்தான்.

பள்ளிக்கூடத்து அகராதியைப் புரட்டினேன். 'எவிக்ட்' என்ற சொல்லுக்கு, குடியிருப்பவரைச் சட்டப்படி வீட்டிலிருந்து வெளியேற்றுதல் என்று பொருள் போட்டிருந்தது. வீட்டுக்காரர் குடித்தனக்காரரை வெளியேற்றினார் என்று கீழே ஆங்கிலத்தில் ஓர் எடுத்துக்காட்டு. நோயாளிகளைப் பற்றி ஒன்றுமில்லை. பெயர்களை மாற்றி, மூன்று நாள் கெடு சேர்த்து, குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாலையே பெரியப்பாவின் மனைவி வேம்புலியம்மாள் அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள். வரிசையில் வேறு யாருக்கும் ஆங்கிலம் தெரியாது.

"இன்னா போட்டுக்கீது, கண்ணு?"

"மூணு நாள்ல காலி பண்ணணுமாம் பெரிம்மா. இல்லன்னா போலீசு வருமாம்."

"கோர்ட்டு காயிதமா?"

தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை பெரியப்பாவை ரிக்‌ஷாவில் தூக்கி வைத்தார்கள். ஆவடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் ஆறு வீட்டுக்கும் பொதுவான கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே நின்றார்.

"காலி பண்ணவன் பண்ணவன்தான். உள்ள கொண்டாராத."

குளிப்பாட்டாமல் எடுக்க முடியாது. சாக்கடை ஓரம் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். வழியனுப்ப வெளியே வந்திருந்த நாங்கள் நாலு பெண்கள் புடவையைத் திரையாகப் பிடித்தோம். பேருந்துகள் மெதுவாகப் போயின. சன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கு மேலே குடங்களைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தாள்.

"சீக்கிரம் ஆவட்டும், கொழாய மூடணும்," என்றார் வீட்டுக்காரர்.

பெரியம்மா ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்சிச் சொன்னதாலதான் கண்ணு முன்னாடியே தெரிஞ்சிது. இல்லாங்காட்டி போலீசு வந்து மனுசன இஸ்துப் போட்ருப்பானுங்க."

"ஆமா பெரிம்மா," என்றேன்.