வட்டம் பெரிதாக வேண்டும்

அன்றைக்கு என் மருமகனின் வேலை ஒரு சின்னக் குவளை மணலில் இருந்தது. கூட்டிச் சொல்லவில்லை, கேளுங்கள்.

அவர் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் நத்தை. அவ்வளவு நிதானம். அந்த நத்தைமேல்தான் அதிவேகம் என்று குற்றச்சாட்டு. கோடை முடிந்து முதல் மழை பெய்த காலை, ஆஸ்பத்திரி வளைவில் பிரேக்கை மிதித்திருக்கிறார். பேருந்து நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் மதில்சுவரில் இடித்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. முன் இருக்கையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மெதுவாகத்தான் வந்தோம் என்று விசாரணையில் சொன்னேன். மருமகனுக்காகச் சாட்சி சொல்லும் மாமியாரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அதிகாரி சிரித்தாரே தவிர, ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை.

சாலையைச் சோதித்துப் பாருங்கள் என்று மருமகன் மனு கொடுத்தார். சாலையில் குறையில்லை என்று வந்தால் வேலை போச்சு.

வளைவை அரை மணி நேரம் மறித்தார்கள். சோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மணலை அளந்து ஊற்றி வட்டமாகப் பரப்பிப் பார்ப்பாளாம். வாய் சும்மா இருக்குமா எனக்கு? கல் போட்ட சாலை எப்படி வழுக்கும் என்று கேட்டேன்.

"புதுசுல கல்லோட முனை துருத்திக்கிட்டு இருக்கும்மா, டயரைப் பிடிச்சுக்கும். வருஷக்கணக்கா டயர் தேய்ச்சு அந்த முனை மழுங்கிடும். வெயில்ல தார் வேற மேல கசிஞ்சு, கல்லுக்கு நடுவுல இருக்குற குழியை அடைச்சிடும். அப்புறம் மழைத் தண்ணி போக வழி ஏது? தேஞ்ச செருப்போட அடி மாதிரிதான்."

குழி இருந்தால் மணல் உள்ளே இறங்கிவிடும், வட்டம் சின்னதாக வரும். குழி இல்லாவிட்டால் மணல் பரவிக்கொண்டே போகும். எங்களுக்கு வட்டம் பெரிதாக வேண்டும்.

விசாரணை நடத்திய அதிகாரியும் வந்திருந்தார்; குடை நுனியால் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினார். அவள் அங்கேயே மணலைக் கொட்டி, தட்டையான கட்டையால் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். வட்டம் ஒரு சாண்கூட வரவில்லை. அதிகாரி பேனா மூடியைத் திறந்து எழுதத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற என் மகளின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.

மருமகன் பேசாத மனிதர். கல்யாணத்தன்றே நாலு வார்த்தைதான் பேசினார். அவர் போய் அந்த வட்டத்தின் பக்கத்தில் குந்தினார்.

"சார், இது பஸ்ஸோட வயிறு போற இடம். இங்க சக்கரம் படவே படாது."

"ஆளாளுக்கு ஒரு இடம் காட்டினா எப்படிப்பா?"

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. "அவர் சொல்றது சரி சார். சக்கரத் தடத்துலதான் போட்டிருக்கணும். நீங்க காட்டினதும் யோசிக்காமப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாலை நனைந்தால் சோதனை கிடையாது. நாளைக்கு அறிக்கை போயாக வேண்டும். என் கையில் ஒரு துளி விழுந்தது. சொல்லவில்லை, முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

அவள் மூன்றடி தள்ளி, கறுத்து மினுமினுத்த தடத்தில் மணலை ஊற்றினாள். கட்டை சுற்றியது. ஒரு சாண் தாண்டியது. ஒன்றரைச் சாணும் தாண்டி, மணல் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. இறங்க இடமில்லாமல்தான் அப்படி ஓடியது. அவள் அளந்து எண்ணைச் சொன்னாள். அதிகாரி இன்னொரு தரம் அளக்கச் சொன்னார். பிறகு தன் செருப்புக் காலை அங்கே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, முன்பு எழுதியதை அடித்து, சாலையில்தான் குறை என்று எழுதினார்.

மழை பிடிப்பதற்குள் எல்லோரும் ஜீப்புக்கு ஓடினார்கள். மருமகன் மட்டும் அந்தப் பெண்ணிடம் பிரஷை வாங்கி, இரண்டு இடத்து மணலையும் கூட்டி அள்ளினார். தடுப்பை எடுத்ததும் பைக்குகள் வருமே, மணலில் சறுக்குமே என்று அவருக்கு.

அதிகாரி ஜீப்பிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"நத்தை, காலையில முதல் டிரிப் உன்னோடதுதான். இந்த வளைவுல மட்டும் இன்னும் மெதுவா போ."

"இதுக்கு மேல மெதுவா போனா இறங்கித் தள்ளணும் சார்" என்றார் மருமகன்.

கல்யாணத்தன்று பேசியதைவிட அதிகம்.