நேற்று வாங்கிய பிரட்

நாளைக்குக் கம்பெனி புதுக் கட்டடத்துக்குப் போகிறது. பூவாத்தாளுக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பன்னிரண்டு மிஷினோடு அவள் கணவர் லிங்கசாமி பனியன் தைக்க ஆரம்பித்து எட்டு வருஷம் ஆயிற்று. சரக்கு லாரி ஏறும் நாளெல்லாம் நாலு மணிக்குப் பூவாத்தாளின் பாம்பே டோஸ்ட் உண்டு. முட்டையும் பாலும் கலந்து பிரட்டைத் தோய்த்து, கல்லில் போட்டெடுத்து, சர்க்கரை தூவிச் சமையலறை ஜன்னல் வழியே நீட்டுவாள். தலையெல்லாம் பஞ்சும் நூலுமாக ஒவ்வொருவராக வந்து, சூடு தாங்காமல் கை மாற்றிக் கை மாற்றி ஊதித் தின்றுவிட்டு மிஷினுக்கு ஓடுவார்கள். யாருக்குச் சர்க்கரை தூக்கல், யாருக்குக் கருகிய ஓரம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இப்போது அறுபது பேர். புது இடத்தில் கேண்டீன் வேறு வருகிறது, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்டாராம். பையர் மகராசனாக இருக்கட்டும். இந்த ஜன்னலுக்கு இனி யார் வரப்போகிறார்கள்?

கடைசி டோஸ்டையாவது அறுபது பேரும் ஒன்றாக உட்கார்ந்து தின்பதைக் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். எட்டு வருஷத்தில் அதைப் பார்த்ததே இல்லை. அதற்காக எல்லாவற்றையும் முன்னாலேயே சுட்டு அடுக்கிவிடத் தீர்மானித்தாள். வழக்கமான முக்குக் கடை வேண்டாம், கடைசி நாளாச்சே என்று பெரிய பேக்கரியில் அன்று காலை போட்ட பிரட்டாக வாங்கினாள். ஒன்பது மணிக்கே பாதியை அகலத் தட்டுகளில் ஊறப்போட்டாள்.

பத்தரைக்கு ஒரு துண்டைத் தூக்கினால் ஓரம் மட்டும் கையோடு வந்தது. மீதி அத்தனையும் கூழ்.

"ஏம்புள்ள, பேசாம ஆளுக்கொரு பப்ஸ் வாங்கிக் குடுத்தர்லாம், உடு," என்றார் லிங்கசாமி. ஆறுதல் சொல்கிறாராம்! பூவாத்தாள் அழுதேவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கொட்டகைச் சாவி கேட்டு வந்தார் கட்டிங் மாஸ்டர் கருப்புசாமி. ஆரம்பத்திலிருந்தே கூட இருப்பவர். தட்டையும் அவள் முகத்தையும் பார்த்தார். ஊறாமல் இருந்த பிரட்டை, பனியன் துணியைப் பார்ப்பதுபோல இரண்டு விரலால் அமுக்கினார்.

"ஏனுங்கக்கா, இது இன்னைக்குப் போட்டதுங்களா?"

"ஆமாங்க மாஸ்டர். கடைசி நாளாச்சேன்னு புதுசா வாங்குனேன்."

"அதானுங்க. துணி வந்த அன்னைக்கேவா வெட்டறோம்? பிரிச்சுப் போட்டு ஒரு நாளு ரிலாக்ஸ் ஆக உட்டுத்தானுங்க வெட்டறோம்? இல்லாட்டி அளவு நிக்காதுங்களே. நீங்க எப்பவும் முந்தின நாளு பிரட்டுலதானுங்க சுடுவீங்க."

முக்குக் கடைக்காரர் இத்தனை நாளும் கொடுத்தது முந்தின நாள் விற்காமல் கிடந்தது. புதுசு வாங்க வசதியில்லாத காலத்தில் ஆரம்பித்து அப்படியே பழகிவிட்டது. அந்த ருசியெல்லாம் தன் கைப்பக்குவம் என்றல்லவா அவள் எண்ணியிருந்தாள்! அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

துணியெல்லாம் புது இடத்துக்குப் போய், நீளமான கட்டிங் டேபிள் வெறுமனே கிடந்தது. வெள்ளைத் துணி விரித்து மீதி பிரட்டை அதன்மேல் பரப்பினார்கள். ஃபேன்களைப் போட்டுவிட்டு, மாஸ்டர் அரைமணிக்கொரு தரம் வந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். இரண்டு மணிக்குப் பிரட் விறைத்து நின்றது. இந்த முறை ஊற விடாமல் தோய்த்துத் தோய்த்துக் கல்லில் போட்டாள். கூழான பாதியை இட்லித் தட்டில் ஊற்றி வேகவைத்தாள். பப்ஸ் வாங்கச் சொன்ன லிங்கசாமிக்கு ராத்திரிக்கு அதுதான்.

நாலு மணிக்கு அறுபது பேரும் கொட்டகைத் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தலைக்கு ஒன்றுதான் வந்தது. ஆறியிருந்ததால் யாரும் ஊதவில்லை. பூவாத்தாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மனம் நிறைந்திருந்தது, வலிக்கவும் செய்தது.

காலித் தட்டைக் கொடுக்க வந்தார் கருப்புசாமி.

"அடுத்த லோடு பதினெட்டாந்தேதிங்கக்கா. மூணரைக்கு ஆட்டோவோட வந்துர்றேன், சுட்டு அடுக்கி வெச்சுருங்க."

"அங்கதான் கேண்டீன் இருக்குதுங்களே, மாஸ்டர்?"

"அது பையருக்குங்க."

பூவாத்தாள் உள்ளே போய்க் காலண்டரை எடுத்தாள். பதினெட்டை விட்டுவிட்டு, பதினேழின் மேல் வட்டம் போட்டாள்.